உராய்வைப் புறக்கணிக்க

ஓய்விலிருந்து புறப்படும் வாகனமொன்று
சீரான ஆர்முடுகலுடன் பத்துச் செக்கனில்
செக்கனுக்கு இருபது மீற்றர் வேகம் அடைகிறது.
திணிவு இரண்டாயிரம் கிலோகிராம்.
உராய்வைப் புறக்கணிக்க.
இஞ்சின் பிறப்பிக்கும் உச்ச வலு யாது?

இரண்டாந்தரம் எடுத்தபோதும்
நாற்பது கிலோ உவாற்று என்றுதான் எழுதினேன்.
செய்த வேலை நாலு லட்சம் யூல்,
பத்தால் பிரித்தேன், மிச்சமில்லாமல் போனது.
மிச்சமில்லாத விடையை யார்தான் சந்தேகிப்பார்?
அது சராசரி.
கேட்டது உச்சம்:
விசை நாலாயிரம், கடைசிக் கணத்தின் வேகம் இருபது,
எண்பது.
சரி பாதியை விட்டுவிட்டு
மண்டபத்தைவிட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தவன் நான்.

இப்போது வேன் ஓடுகிறேன்.

பொத்துவில் ஆஸ்பத்திரி வாசல், இரவு ஒன்று பத்து.
அம்புலன்ஸ் அம்பாறைக்குப் போய் இன்னும் திரும்பவில்லை,
அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோங்கள் என்கிறார் டொக்டர்.
வேன் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
நான் அறுபத்து நாலு.
முபீத் அறுபத்தாறு இருப்பான், அவன் தங்கச்சி றஹீமா அறுபது.
பின் சீற்றில் சிபானா
எழுபது, வயிற்றோடு சேர்த்து.
கூட்டினேன். இரண்டாயிரம்.
(றஹீமாவில் இரண்டு கிலோ குறைத்திருக்கிறேன், தெரியும்.)

மிதித்தேன்.
என் இஞ்சினுக்கு அறுபதுக்கு மேல் வராது.
அதுவும் வாங்கியவன் சொன்னது.
ஏழரைச் செக்கன் வரை கணக்கு என்னோடு வந்தது,
வேகம் பதினைந்தைத் தாண்டியதும்
விசை மெல்லக் கையை விட்டது.
சீரான ஆர்முடுகலாம்.
எந்த ரோட்டில் கண்டார்களோ.

சங்கமன்கண்டி தாண்ட, யானை.
நாலு லட்சம் யூலும் பிறேக்கில் கருகி மணந்தது.
லைற்றை அணைத்துவிட்டு இருந்தோம்.
யானை மாறா வேகத்தில்,
அதாவது ஆர்முடுகல் பூச்சியம்,
தார்ரோட்டைக் கடந்தது.
மறுபடி ஓய்விலிருந்து.
கோமாரியில் எருமைகள், ஒன்று படுத்தேவிட்டது.
மறுபடி ஓய்விலிருந்து.
“அண்ணன், கொஞ்சம் வேகமா” என்றான் முபீத்.
வேகமல்ல தம்பி, அதற்குப் போய்ச் சேரும் வழிதான்
திரும்பத் திரும்பச் செலவு.

பின்னால் றஹீமா
“தள்ளு, தள்ளு” என்கிறாள்.
சுவரைத் தள்ளுகிறவன் செய்த வேலை பூச்சியம்,
இடப்பெயர்ச்சி இல்லை என்பதால்:
இதில் மட்டும் எனக்கு முழுப் புள்ளி.
இரண்டு மணித்தியாலமாய்த் தள்ளுகிறாள் சிபானா.
கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.
அந்த விடையை இனி எழுதமாட்டேன்.

தாண்டியடிக்கு முன்னால், இருட்டில்,
முள்ளு இருபதைத் தொட்டு நின்ற இடத்தில்
(எழுபத்திரண்டு என்று எழுதியிருக்கும், நான் மாற்றிப் படித்தேன்)
ஒரு குரல் கூடியது.

திணிவு கூடவில்லை.
முன்பும் இரண்டாயிரம், இப்போதும் இரண்டாயிரம்,
வேனுக்கு எதுவும் தெரியாது.
நாலு பேர் ஏறினோம், ஐந்து பேர் போகிறோம்,
சமன்பாட்டில் இதை எழுத
ஒரு பக்கமும் இடமில்லை.

“மெதுவா!” என்று கத்தினாள் றஹீமா.
விநாயகபுரத்தில் ஒரு நாய்க்காக நின்று
மறுபடி எடுக்கையில்
இருபதை எட்ட நாற்பது செக்கன் எடுத்துக்கொண்டேன்.
அதே வேலை.
சராசரி வலு பத்து.
என் வாழ்வில் இவ்வளவு குறைவாய்
இவ்வளவு கவனமாய் மிதித்ததில்லை.

அக்கரைப்பற்றில் தராசில் வைத்தார்கள்.
இரண்டு தசம் ஆறு, பெண்.
பிறந்த கணத்திலேயே செக்கனுக்கு இருபது மீற்றர் போனவள்.
அரைவாசி, தர இரண்டு தசம் ஆறு, தர நானூறு
என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்கையில்
முபீத் வந்தான், சட்டை முழுக்க ஈரம்,
“எவ்வளவு, அண்ணன்?”
“ஐந்நூற்றிருபது.”

அவன் பேர்ஸைத் திறந்தபடி
என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.
“டீசலுக்கே காணாதே.”